ஆவாரம்பட்டைக் காசில் பார்த்த ஆறு

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு என் கை சுண்ணாம்பையும் உப்பையும்தான் தொட்டது. விரல்கள் சரியாக மடங்குவதில்லை. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றும் எனக்குச் சந்தேகம் வரும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதியிருக்கிறேன். ஆட்களிடம் பேசக் கூச்சப்படுகிறவன் நான். இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். பாதியிலேயே நின்றுவிடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் ஆம்பூர். பாலாற்றங்கரையில் ஒரு தோல் ஷாப்பில் எனக்கு வேலை. தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப் என்றுதான் சொல்வார்கள். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுத்துப் போடுவது, மயிர் வழிப்பது, ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் இறங்கித் தோலை மிதிப்பது என்று எல்லா வேலையும் செய்திருக்கிறேன். நான் சொல்லப்போகிற வருஷத்தில் எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் இருக்கும். ஒரு பெண், அவளுக்கு இளையவன் ஒரு பையன்.

எங்கள் ஆற்றைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். பாலாற்றில் மணல்தான் இருக்கும். குடிதண்ணீருக்குப் பெண்கள் ஷாப்புகளை எல்லாம் தாண்டி, மணலில் வெகுதூரம் நடந்துபோய் ஊற்றுத் தோண்டுவார்கள். முழங்கை ஆழம் தோண்டினால் கலங்கலாகத் தண்ணீர் கசியும். அதை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளியும்வரை காத்திருந்து, கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். மேலே ஓடுகிற தண்ணீர் என்று ஒன்று எங்களுக்கு உண்டென்றால், அது ஷாப்பிலிருந்து வெளியே போகிற தண்ணீர்தான். நுரையோடு வாய்க்காலில் போகும். நடக்கப் பழகும் குழந்தைக்கே சொல்லிக்கொடுப்போம், ஓடுகிறதைத் தொடாதே, தோண்டி வருவதைக் குடி என்று.

ஒரு நாள் என் மச்சான் வந்திருந்தான். என் சம்சாரத்துக்கு இளையவன். ஒடுகத்தூர் பக்கம் வேர்க்கடலை பயிரிடுகிறவன். வாய் ஓயாது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு ஊற்று சுரக்கவே இல்லை என்று என் சம்சாரம் அலுத்துக்கொண்டாள். அரைக் குடம் தண்ணீருக்கு ஒரு பொழுது போய்விட்டது. "தண்ணி தானா நடந்து வர்ற ஊருன்னு ஒண்ணு இருந்தா, அங்க போய் மாடு மேய்ச்சாவது பொழைக்கலாம்" என்றாள்.

எனக்கு என்ன தோன்றியதோ, "காவேரி நிக்காம ஓடுமாம்" என்று சொல்லிவிட்டேன்.

மச்சான் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தான். "இன்னா மாமா சொல்ற? நிக்காமயா?"

"வருஷம் பூரா ஓடுமாம்."

"நீ பாத்தியா?"

"ஒகேனக்கல் பக்கத்துலருந்து வந்த பட்டை வண்டிக்காரர் சொன்னாரு."

"வண்டிக்காரன் சொன்னானாம்! அக்கா, கேட்டுக்கோ. நாளைக்கு வண்டி மாடு சொல்லிச்சுன்னு சொல்லுவாரு. ஆறுன்னா மணல் மாமா. நான் எத்தினி ஆறு பாத்திருக்கிறேன்."

என் சம்சாரம் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அவரு பொய் சொல்ல மாட்டாரு."

"வாயத் தொறந்தாத்தான பொய் சொல்றதுக்கு!"

அவளும் சிரித்துவிட்டாள். ஆனாலும் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்போ ஒரு தபா போய்ப் பாத்துட்டு வந்துடலாங்க" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் ஊற்றுக்குப் போன இடத்தில் எல்லாப் பெண்களிடமும் அவள் சொல்லிவிட்டாள், எங்க வூட்டுக்காரர் நிக்காத ஆறு காட்டப் போறாரு என்று. நான் வேலைக்குப் போகும்போது வாசலில் நிற்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு வேண்டுதலும் இல்லாமல், கல்யாணம் கருமாதி என்று எதுவும் இல்லாமல், ஒன்றைச் சும்மா பார்ப்பதற்காகக் குடும்பத்தோடு ரயில் ஏறியவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. பத்து வருஷத்தில் அவளுக்கு நான் எதையும் தருவதாகச் சொன்னதில்லை. சொன்ன ஒன்றும் கண்ணால் காணாத ஒரு ஆறு. அது அங்கே இல்லாவிட்டால் அவள் சொல் என்னாகும், என் சொல் என்னாகும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

கூலி சாப்பாட்டுக்கே சரியாகப் போகும். பயணத்துக்கு வேறு வேலை செய்துதான் சேர்க்க வேண்டும். எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் நாலு பேரும் கரட்டு மேட்டுக்கு ஆவாரம்பட்டை உரிக்கப் போக ஆரம்பித்தோம். ஷாப்பில் தோலைப் பதனிட அந்தப் பட்டைதான் வேண்டும். எடை போட்டுக் காசு கொடுப்பார்கள். நான் கொப்புகளை அறுத்துப் போடுவேன். என் சம்சாரமும் பெண்ணும் அதைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டுவார்கள். பதமாகத் தட்டினால் சட்டையிலிருந்து கையை உருவுகிற மாதிரி பட்டை கழன்று வரும். ஓங்கித் தட்டினால் நார்நாராகப் போய்விடும். என் பெண்ணுக்கு அந்தப் பதம் எப்படித்தான் வந்ததோ, எங்களைவிட அவள் தட்டினதுதான் முழுசாக வரும். பையன் பூவைப் பறித்துத் தலையெல்லாம் செருகிக்கொண்டு திரிவான்.

மழை பெய்த வாரத்தில் பட்டை தானாக வரும். வெயில் காலத்தில் கொப்போடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். அந்தக் கோடையில் பல வெள்ளிக்கிழமைகள் அரைக் கோணிகூடத் தேறவில்லை. நான் ஷாப் வாசலில் டீ குடிப்பதை விட்டேன். என் சம்சாரம் வெற்றிலையை விட்டாள். வந்ததை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, கூரை வாரையில் உறி கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அதை யாரும் இறக்கக் கூடாது. பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் அதைப் பார்த்தேன். அவள், "அதத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருவில் பாய் வீட்டில் இரண்டு நாள் மாவு இடித்து மருந்துக்குக் கொண்டுவந்தாள். அவளுடைய பிடிவாதத்தை அந்த வருஷம்தான் முழுசாகக் கண்டேன்.

அந்த வருஷம் பக்ரீத் ஆனி கடைசியில் வந்தது. பக்ரீத் முடிந்த அன்று மாலையிலிருந்தே எங்கள் ஷாப்புக்குத் தோல் வண்டி வண்டியாக வந்து குவியும். உடனே உப்புப் போடாவிட்டால் கெட்டுவிடும். ஆள் போதாது. இரட்டைக் கூலி கொடுப்பார்கள். நான் வீட்டுக்கே வராமல் உப்புப் போட்டேன். கை வெடிப்புகளில் உப்பு இறங்கி, சோற்றைப் பிசைய முடியாமல் போயிற்று. என் சம்சாரம் ஷாப்புக்கே சோறு கொண்டுவந்து, உருட்டி வாயில் கொடுத்தாள். "கொழந்த மாதிரி வாயத் தொறக்கறீங்களே, ஆறு இல்லாம மட்டும் இருக்கட்டும், அப்புறம் வெச்சுக்கறேன்" என்று சிரித்தாள். சிரிப்புதான். ஆனால் அது எனக்கு உள்ளே உறைத்தது. அந்தச் சமயத்தில் பென்னாகரம் பக்கத்துப் பட்டை வண்டி ஒன்று வந்திருந்தது. முன்பு சொன்ன வண்டிக்காரர் இல்லை, வேறு ஆள். காவேரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன். "நான் ஆத்துப் பக்கம் போயி வருசக் கணக்காச்சு" என்று மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

உப்பு வேலை ஓய்ந்ததும் மேஸ்திரி பாயிடம் லீவு கேட்டேன்.

"எதுக்குப்பா? ஊர்ல யாராவது போய்ட்டாங்களா?"

"இல்ல பாய். ஆறு பாக்கணும்."

"ஆறா? பின்னாலயே கீதே. போய் நல்லாப் பாரு."

"தண்ணி ஓடற ஆறு பாய்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "போய்ட்டு வா. நெசமா இருந்தா சொல்லு, என் வூட்லயும் பேஜார் பண்ணிக்கினு இருக்குது, எங்கயாவது கூட்டிக்கினு போன்னு" என்றார்.

கிளம்புகிற அன்று விடியற்காலை ஸ்டேஷனில் பார்த்தால் மச்சான் நிற்கிறான், தோளில் துண்டோடு. "என் காசுதான் மாமா, பயப்படாத. உன் ஆத்தப் பாக்கற பாக்கியத்த நான் வுடுவனா?" என்றான்.

திருப்பத்தூர் வரை ரயில். அங்கிருந்து பஸ். ரயிலில் எங்கள் எதிரே உட்கார்ந்திருந்தவர் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். துவைத்த சட்டைதான் போட்டிருந்தேன். ஷாப் வாசனை தோலிலேயே இருக்கும். என் சம்சாரம் அதைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே எங்கள் கட்டுச்சோற்றை எடுத்துப் பிரித்தாள். புளிச்சோற்று மணம் பெட்டி முழுவதும் பரவியது. அவர் துண்டை எடுத்துவிட்டார்.

தர்மபுரிக்குப் போகிற வழியில் பஸ் ஒரு பெரிய பாலத்தில் ஏறியது. கண்டக்டர் யாரிடமோ, "தென்பெண்ணை ஆறு" என்றார். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். கரைக்குக் கரை மணல். நடுவில் ஒரு மாடு படுத்திருந்தது.

மச்சான் கையைத் தட்டினான். "நான் சொல்லல? மாமா, உன் ஆத்துல மாடு நல்லாத் தூங்குது!"

பஸ்ஸில் இருந்தவர்களும் சிரித்தார்கள். இது வேறு ஆறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் அது இப்படி இருக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்? என் சம்சாரம் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு வெகுநேரம் அவள் வெளியே பார்க்கவே இல்லை. இத்தனை வெள்ளிக்கிழமை பிள்ளைகளைக் கரட்டில் அலையவிட்டோமே என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பென்னாகரம் தாண்டி பஸ் மலைச்சரிவில் இறங்கியபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. ஒரு வளைவில் டிரைவர் இன்ஜினை அணைத்து வண்டியை அப்படியே இறங்கவிட்டார். அப்போது ஒரு சத்தம் கேட்டது. பாலத்தின் மேல் ரயில் போகிற சத்தம் மாதிரி. ஆனால் ரயில் என்றால் போய்விடுமே. இது போகவில்லை.

"இங்க ஏதோ பெரிய மில்லு ஓடுது" என்றான் மச்சான்.

பக்கத்தில் இருந்த கிழவர், "அது மில்லு இல்லப்பா, தண்ணி" என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கி, பாறைகளுக்கு நடுவே நடந்தோம். முதலில் முகத்தில் ஈரம் பட்டது. மழை என்று நினைத்து மேலே பார்த்தேன். மேகம் இல்லை. இன்னும் கொஞ்சம் நடந்ததும் கண் முன்னால் அது இருந்தது.

எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அதுவரை பார்த்த தண்ணீர் எல்லாம் ஏதோ ஒன்றுக்குள் இருந்தது. குடத்துக்குள், தொட்டிக்குள், கிணற்றுக்குள். இதைப் பிடித்துவைக்க ஒன்றுமே இல்லை. பாறைகளுக்கு இடையில் எங்கே பார்த்தாலும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. விழுந்தது புகையாக எழுந்து எங்கள் மேலேயே வந்தது. அந்தப் பக்கம் அகலமாக, பச்சையாக, அவசரமே இல்லாமல் இன்னொரு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஷாப்பின் அத்தனை தொட்டிகளையும் நான் ஒருவன் எத்தனையோ நாள் இறைத்து நிரப்பியிருக்கிறேன். அத்தனையும் இங்கே கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். பையன் என் காலைக் கட்டிக்கொண்டான். என் பெண், "அப்பா, யாராவது நிறுத்தச் சொல்லுங்க, எல்லாம் வீணாப் போவுது" என்று கத்தினாள். மச்சான் வாயைத் திறந்தபடி நின்றான். அவன் வாயிலிருந்து பேச்சு வராமல் நான் பார்த்தது அன்றுதான்.

என் சம்சாரத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தால், கொஞ்சம் கீழே மணல் ஒதுங்கியிருந்த இடத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்குத் தாகமாயிருக்கும் என்று ஊற்றுத் தோண்டுகிறாள். ஆறு அவள் புடவையைத் தொட்டுக்கொண்டு போகிறது. நானும் அதில் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. அவளுக்கு உதவியாகத் தோண்டலாம் என்று துண்டை இடுப்பில் கட்டினேன்.

பரிசல் ஓட்டுகிறவர் ஒருவர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, ஏதாச்சும் தொலைச்சுட்டியா?"

"குடிக்கத் தண்ணிங்க."

"பக்கத்துல போறது இன்னான்னு நெனச்ச?"

"அது ஓடற தண்ணியாச்சே. அத எப்படிங்க குடிக்கறது?"

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இறங்கி வந்து, ஆற்றில் கையை விட்டு, ஒரு கை அள்ளிக் குடித்துக் காட்டினார். என் சம்சாரம் என்னைப் பார்த்தாள். எனக்கும் தைரியம் இல்லை. அவள்தான் முதலில் குனிந்தாள். அள்ளி, மோந்து பார்த்தாள். பிறகு குடித்தாள். இன்னொரு தடவை அள்ளினாள். பிறகு கையை எடுத்துவிட்டு, மாடு குடிக்கிற மாதிரி முகத்தையே வைத்துக் குடித்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் முழுக்க ஈரம். "இத மேல யாருங்க தொறந்து வுடறாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லம்மா. அதுவா வருது."

அவர் எங்களைப் பரிசலில் அக்கரைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தார். வட்டமான மூங்கில் கூடை. அடியில் எருமைத் தோல் கட்டியிருந்தது. உட்கார்ந்ததும் நான் அந்தத் தோலில் கையை வைத்தேன். எங்கள் தொட்டியில் தோல் என்றால் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊறிக் கிடக்கும். இங்கே என் உள்ளங்கைக்குக் கீழே ஒரு தோல், அதற்கும் கீழே அவ்வளவு ஆழத் தண்ணீர், என் குடும்பம் முழுவதும் அதன் மேல் காய்ந்த துணியோடு உட்கார்ந்திருக்கிறது. தோல் மெதுவாக மேலே எழும்பி அடங்கியது, மூச்சு விடுகிற மாதிரி. இத்தனை காலம் நான் தொட்ட தோல்கள் எல்லாம் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. கப்பலில் போகும் என்பார்கள். ஒரு தோலால் இதுவும் முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அன்று இரவு சத்திரத்தில் இடம் கிடைத்தது. அவல் நனைத்துச் சாப்பிட்டோம். அதற்குள் மச்சானுக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

"ஓடுது மாமா, இல்லன்னு சொல்லல. ஆனா நம்ம பாலாத்துலயுந்தான் வெள்ளம் வருது. ஒரு நாள் கரை பொரண்டு ஓடும். மறுநாள் காலைல போனா மணல். நாம வந்த நேரம் இங்க வெள்ளம். காலைல பாரு."

என் சம்சாரம், "சத்தம் கேக்குதில்ல?" என்றாள்.

"அது காதுல தங்கிடுச்சு அக்கா. ரயில வுட்டு எறங்கினப்புறம் கூடத்தான் கேட்டுக்கினு இருந்துச்சு."

அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. எங்களுக்குத் தெரிந்த வெள்ளம் அப்படித்தான். ஊர் முழுவதும் ஓடிப் போய்ப் பார்க்கும், பெண்கள் கற்பூரம் ஏற்றுவார்கள், மறுநாள் அதே மணலில் துணி உலர்த்துவார்கள். படுத்துக்கொண்டு கேட்டேன். கேட்கக் கேட்க, அந்தச் சத்தம் வெளியே இருக்கிறதா என் காதுக்குள் இருக்கிறதா என்றே தெரியாமல் போயிற்று. களைப்பில் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது லேசாக வெளுத்திருந்தது. பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் என் சம்சாரம் இல்லை. மச்சான் படுத்த இடத்தில் துண்டு மட்டும் கிடந்தது. ஆறு நின்றுபோயிருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் நான் போய்ப் பார்க்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

முதலில் மச்சான் வந்தான். முழங்கால்வரை நனைந்திருந்தான். என்னைத் தாண்டி உள்ளே போனவன் திரும்பி வந்து, என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். "அக்கா கூப்புடுது, போ மாமா" என்றான். தூங்குகிற பிள்ளைகளை அவன் பார்த்துக்கொள்வதாகக் கையைக் காட்டினான்.

இறங்கிப் போனேன். பாறையின் விளிம்பில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். தலைமுடி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. வெயில் இன்னும் வரவில்லை. வெள்ளையாக எழும்பிய புகைக்கு நடுவே ஆறு நேற்று இருந்த அதே அளவு, அதே வேகம், அதே சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. நாங்கள் தூங்கியபோதும், யாருமே பார்க்காதபோதும் அது போயிருக்கிறது. நாங்கள் பட்டை தட்டிய ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், அவள் அரைக் குடத்துக்காக மணலில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாளும் இது இங்கே போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நகர்ந்து, பாறையில் எனக்கு இடம் விட்டாள்.

"நிக்கவே இல்லீங்க" என்றாள்.

"ஆமா" என்றேன்.

1968 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை.